ஆறு டன் தாங்கும் தடுப்புச் சுவர்

போன மாதம் பட்டறையிலிருந்து கவிதா ஃபோன் செய்தாள். நாமக்கல்லில் நான் முப்பத்தொன்பது வருஷம் வேலை பார்த்த லாரி பாடி கட்டும் பட்டறைக்கு இப்போது அவள்தான் இன்ஜினியர். லாரித் தொட்டிகள் எல்லாம் இரும்பாகிவிட்டதால் மரக்கணக்கு எழுத அங்கே இன்று ஆள் தேவையில்லை. புதிதாகக் கட்டுகிற ஆபீஸுக்குள் மட்டும் ஒரு மரத் தடுப்பு வைக்க வேண்டும் என்று கம்ப்யூட்டரில் அளவு போட்டிருக்கிறாள். கம்ப்யூட்டர் ஒரு எண்ணிக்கை சொல்கிறது, தச்சர் அதில் பாதி போதும் என்கிறார். நீங்கள் எப்போதாவது சுவருக்கு மரக்கணக்குப் போட்டதுண்டா அக்கா என்று கேட்டாள். ஒரே ஒருமுறை என்றேன். எப்படிப் போட்டீர்கள் என்றாள். ஃபோனில் சொல்லி முடிகிற சங்கதி இல்லை, எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

எழுத உட்கார்ந்தால் அது கட்டைகளின் எண்ணிக்கையோடு நிற்கவில்லை.

நான் பட்டறைக்குப் போனது பத்தொன்பது வயதில். ராசிபுரத்திலிருந்து பஸ் ஏறிப்போய், பில் எழுதவும் ஃபோன் எடுக்கவும் உட்கார்ந்தேன். அங்கே தலைமைத் தச்சர் பொன்னுசாமி மேஸ்திரி. லாரியைச் சுற்றி ஒருமுறை நடந்தாரென்றால் அதற்கு எத்தனை கன அடி மரம் வேண்டும் என்று சொல்லிவிடுவார். எழுத மட்டும் வராது. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இரண்டு வருஷத்தில், அவர் வாய் திறப்பதற்கு முன்னால் எழுதினேன். மூன்றாவது வருஷம் அவர் சொல்வதை நிறுத்திவிட்டு வெற்றிலை போட ஆரம்பித்தார். என் பயிற்சி அவ்வளவுதான்.

பட்டறைக்கு முதலாளிகள் இரண்டு பேர். மூத்தவர் சின்னுசாமி அண்ணன். இளையவர் பழனிவேல் அண்ணன், சின்னுசாமி அண்ணனுடைய மனைவி பாவாயி அக்காவின் தம்பி. மச்சானும் மாப்பிள்ளையும் சேர்ந்து ஆரம்பித்த தொழில். மரமும் அளவும் மூத்தவர் பொறுப்பு. வாடிக்கையாளர்களிடம் பேசுவதும் பெயிண்ட் கலர் முடிவு செய்வதும் இளையவர் பொறுப்பு.

சின்னுசாமி அண்ணன் மரக்கணக்குப் பார்க்கும் விதத்தைச் சொல்ல வேண்டும். உட்கார்ந்து பார்க்க மாட்டார். எழுந்து நின்று, தாளைக் கை நீட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்து, தச்சர்களின் தட்டைப் பென்சிலால் ஒவ்வொரு வரியையும் தொட்டுக்கொண்டே வருவார். சரி என்றும் சொல்ல மாட்டார், தப்பு என்றும் சொல்ல மாட்டார். சரியாக இருந்தால் பென்சிலைக் காதில் செருகுவார். தப்பாக இருந்தால் அதை என்னிடம் நீட்டுவார். எந்த வரியில் தப்பு என்று நானே கண்டுபிடிக்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு ஒரு கேள்வி: "எத்தனை டன் தாங்கும்?" அதற்குப் பதில் இல்லாத எந்த மரத்தையும் அவர் பட்டறைக்குள் விட்டதில்லை.

ஒருமுறை கோழிப்பண்ணைக்காரர் ஒருவர் முட்டை ஏற்றுவதற்கு வண்டி கட்ட வந்தார். லட்சம் முட்டை ஏற்ற வேண்டும் என்றார். லட்சம் முட்டை எத்தனை டன் என்று சின்னுசாமி அண்ணன் கேட்டார். பண்ணைக்காரருக்குத் தெரியவில்லை. அவர் வாழ்க்கையில் முட்டையை எண்ணியவரே தவிர நிறுத்தவர் இல்லை. நான் கடைக்குப் போய் முப்பது முட்டை அட்டை ஒன்றை வாங்கி வந்து, பெயிண்ட் நிறுக்கும் தராசில் வைத்து, பெருக்கி, ஐந்தரை டன் என்று எழுதினேன். பென்சில் காதுக்குப் போகவில்லை. "முட்டை பெருசா இருந்துட்டா?" என்று கேட்டார். ஆறு டன் என்று திருத்திய பிறகுதான் போனது. அன்றிலிருந்து அவருக்குச் சந்தேகம் வருகிற எதற்கும் ஆறு டன்தான்.

நான் ஓய்வு பெறுவதற்கு மூன்று வருஷம் முன்னால், ஒரு சித்திரை மாதத்தில், முதலாளிகள் இருவருக்கும் பேச்சு நின்றது. காரணம் மின்விசிறி.

எங்கள் ஆபீஸ் ஒரே நீள அறை. முன்பக்கம் வாசல், பின்பக்கம் ஒரு சின்ன ஜன்னல், நட்ட நடுவில் இரும்புச் சட்டத்திலிருந்து தொங்குகிற ஒரே ஒரு விசிறி. சின்னுசாமி அண்ணனுக்குச் சளி உடம்பு. இரண்டில் ஓட வேண்டும். பழனிவேல் அண்ணன் கனத்த ஆள், வியர்த்து ஊற்றும். ஐந்தில் ஓட வேண்டும். இருபது வருஷமாக ஒருவர் எழுந்துபோனதும் மற்றவர் திருகி வைப்பதாக ஓடிக்கொண்டிருந்த விவகாரம், அந்தச் சித்திரை வெயிலில், ஒருவர் கையைத் திருகுக் குமிழில் வைத்திருக்கும்போதே மற்றவரும் கையை வைத்ததில் முற்றிவிட்டது. அதற்குப் பிறகு எல்லாம் என் வழியாகத்தான். இரண்டு மேசைக்கும் நடுவே பத்தடி தூரம். "அம்மிணி, அந்தத் திருச்செங்கோட்டுக்காரன் வண்டி என்னாச்சுன்னு அவுங்ககிட்டக் கேளுங்க" என்பார் ஒருவர். கேள்வி எல்லோர் காதிலும் விழுந்திருக்கும். இருந்தாலும் நான் எழுந்துபோய்க் கேட்டு, பதிலை வாங்கிக்கொண்டு திரும்பி வர வேண்டும்.

வைகாசி பிறந்ததும் நடுவில் ஒரு மரச்சுவர் வைத்துவிடலாம் என்று முடிவாயிற்று. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இருவரும் ஒத்துப்போனார்கள். ஆளுக்குச் சரிபாதி. மரக்கணக்கு நான் எழுத வேண்டும்.

அன்று மத்தியானம் பாவாயி அக்கா வந்தார். தினமும் இரண்டு பேருக்கும் சேர்த்து நாலடுக்குக் கேரியர் ஒன்றில் அவர் வீட்டிலிருந்துதான் சாப்பாடு வரும். வழக்கமாக ஆட்டோவில் கொடுத்தனுப்புகிறவர், அன்று தானே கொண்டுவந்து என் மேசையோரம் நின்றார். குரலைத் தணித்துச் சொன்னார்:

"செவுருன்னு ஒண்ணு வந்துட்டா அடுத்து பட்டறையையும் ரெண்டாக்கிருவாங்க அம்மிணி. மரம் அத்தனை ஆகும், இத்தனை ஆகும்னு மலைக்கிற மாதிரி எழுதிப்போடுங்க. பயந்து உட்ருவாங்க."

எனக்கும் அந்தப் பயம் இருந்தது. பட்டறை இரண்டானால் இருபத்திரண்டு பேர் எந்தப் பக்கம் போவது? நான் எந்தப் பக்கம் போவது? இருந்தும் முடியாதுங்கக்கா என்று சொல்லிவிட்டேன். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் எழுதியிருக்கிறேன், இல்லாத மரத்தை ஒரு வரிகூட எழுதியதில்லை. அக்கா கேரியரை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அளவெடுத்தபோது துணி டேப்பின் ஒரு முனையைச் சின்னுசாமி அண்ணன் பிடித்தார், மறுமுனையைப் பழனிவேல் அண்ணன் பிடித்தார். யாரும் தன் முனையை விட்டுக்கொடுக்கவில்லை. டேப் வில்லின் நாண் மாதிரி விறைத்து நின்றது. நான் குனிந்து பார்த்து இருபத்து நாலு அடி என்று எழுதிக்கொண்டேன். துணி டேப்பை இழுத்தால் அது நீளும், நீண்டால் அளவு குறைத்துக் காட்டும் என்பதை வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே படித்தவள் நான். அன்று எப்படியோ புத்திக்கு எட்டவில்லை.

கவிதா கேட்டது இதைத்தான் என்பதால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். சுவர் நீளம் இருபத்து நாலு அடி, உயரம் பத்தடி. மூன்றங்குலத்துக்கு இரண்டங்குலச் சட்டம் போதும். இரண்டடிக்கு ஒரு நிற்கும் சட்டம். இருபத்து நாலை இரண்டால் வகுத்தால் பன்னிரண்டு, அதோடு ஒன்று கூட்டிப் பதின்மூன்று. அந்த ஒன்றைக் கூட்டாமல் விடுகிறவர்கள்தான் கடைசியில் மரக்கடைக்கு ஓடுவார்கள். பதின்மூன்று சட்டம் பத்தடி வீதம் நூற்று முப்பது அடி. மேலே ஒன்று, கீழே ஒன்று, நாற்பத்தெட்டு. இடையில் இரண்டு வரிசை குறுக்குக் கட்டை, இன்னொரு நாற்பத்தெட்டு. ஆக இருநூற்று இருபத்தாறு அடி. இந்தச் சட்டம் இருபத்து நாலு அடி ஓடினால் ஒரு கன அடி. ஒன்பதரைக்குக் கொஞ்சம் குறைவு. ரம்பம் தின்கிற தூளுக்கும் முனை கழிவுக்கும் பத்தில் ஒரு பங்கு சேர்த்துப் பத்தரைக் கன அடி. சட்டத்துக்கு இது போதும்.

சின்னுசாமி அண்ணன் எழுந்து நின்றார். தாளை நீட்டிப் பிடித்தார்.

"எத்தனை டன் தாங்கும்?"

"செவுத்து மேல ஒண்ணும் ஏத்தப்போறதில்லைங்களே."

"சாஞ்சா?"

"ஆருங்க சாயப்போறாங்க?"

அவர் பழனிவேல் அண்ணன் பக்கம் திரும்பாமல், அந்தப் பக்கம் மோவாயை மட்டும் காட்டினார். பழனிவேல் அண்ணன் நூற்றுப் பத்து கிலோ. அதற்கு ஆறு டன் எதற்கு என்று நான் கேட்கவில்லை. பென்சில் என்னிடம் வந்துவிட்டது. நாலுக்கு மூன்று வேங்கை மரச் சட்டமாக, ஓரடிக்கு ஒன்றாகத் திருத்தினேன்.

பிறகுதான் விசிறி எங்கள் கண்ணில் பட்டது. சரிபாதிக் கோடு விசிறிக்கு நேர் கீழே போகிறது. சுவரைக் கொஞ்சம் தள்ளலாம் என்றால், யார் பக்கம்? விசிறியைக் கழற்றலாம் என்றால், கழற்றிய விசிறி யாருக்கு? மூன்று நாள் நான் இரண்டு மேசைக்கும் நடந்தேன். கடைசியில் சுவரின் உயரத்தை ஏழடியாகக் குறைத்து, மேலே விசிறி சுற்றுவதற்கு இடம் விடுவது என்று தீர்ந்தது. காற்றையும் பேச்சையும் தடுக்கத்தான் சுவரே. அந்த இரண்டும் மேலே மூன்றடி வழியாகத் தாராளமாகப் போய்வரும் என்பதை இரண்டு பேரிடமும் சொன்னேன். இரண்டு பேரும் அது பரவாயில்லை என்றார்கள்.

தரையில் போல்ட் அடிக்கவும் சம்மதிக்கவில்லை. தரை பொதுவானது. ஆகவே சுவரை இரண்டு பக்கக் கட்டடச் சுவருக்கும் நடுவில் இறுக்கி நிறுத்த வேண்டும். கீழே தரையோரம் இன்னொரு சட்டமும் சேர்த்து மறுபடி எழுதினேன். சட்டத்துக்கு இருபத்தேழு கன அடி, இரண்டு பக்கமும் ஒரு அங்குலப் பலகைக்கு இருபத்தெட்டு. ஒரு முழு லாரித் தொட்டிக்கே நான் அவ்வளவு எழுதியதில்லை. பாவாயி அக்கா கேட்டபடி மலைக்கிற கணக்கு, பொய் சொல்லாமலே வந்துவிட்டது. ஆனால் யாரும் மலைக்கவில்லை. பென்சில் காதுக்குப் போயிற்று.

மேஸ்திரி சட்டத்தைக் கோத்து நிறுத்திய அன்று என் தப்பு வெளியே வந்தது. ஒரு முனையில் மூன்று அங்குலம் குறைந்தது. மேஸ்திரி என்னைப் பார்த்தார். அந்தச் சந்தில் ஒரு துண்டுக் கட்டையைச் செருகி, மேலும் கீழும் ஆப்பு அடித்து இறுக்கினார். யாருக்கும் தெரியாது என்றார். எனக்குத் தெரியுமே.

அதைவிடப் பெரிய தப்பு சாயங்காலம் தெரிந்தது. பின்பக்கத்துக் கடைசிப் பலகையை மேஸ்திரி அடித்து முடித்தார். பழனிவேல் அண்ணன் புது அறையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்தார். பிறகு மேஸ்திரியின் குரல் சுவருக்கு மேலே வந்து என்னைக் கூப்பிட்டது.

"சரோஜா, நாங்க எப்படி ஊட்டுக்குப் போறது?"

கதவு வைக்கவில்லை. லாரிக்கு எழுதும்போது பின்கதவுக்குத் தனித் தாள் என்பது எங்கள் பழக்கம். தொட்டியைப் போலவே சுவரையும் எழுதிவிட்டு, கதவுத் தாளை யாராவது கேட்பார்கள் என்று இருந்துவிட்டேன். இரண்டு முதலாளிகளுக்கும் அது தெரிந்திருந்தது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். கதவு வேண்டும் என்று முதலில் கேட்பவர், போக்குவரத்து வேண்டும் என்று கேட்டவராக ஆகிவிடுவார் அல்லவா?

ஆக வாசல் சின்னுசாமி அண்ணன் பக்கம். விசிறியின் ஸ்விட்ச் பழனிவேல் அண்ணன் பக்கம். விசிறி அன்றிலிருந்து ஐந்தில் ஓடியது. சின்னுசாமி அண்ணன் தலையில் மஃப்ளர் கட்டிக்கொண்டார். பழனிவேல் அண்ணன் ஜன்னல் கம்பியை அறுத்தெடுக்கச் சொல்லி, வெளியே லாரி ஏணி ஒன்றைச் சாத்தி, தினமும் காலையில் மூச்சைப் பிடித்து நெளிந்து அதன் வழியே உள்ளே இறங்கினார். அவரைப் பார்க்க வருகிற வாடிக்கையாளர்களும் அப்படியே. திருச்செங்கோட்டிலிருந்து வந்த ஒருவர் பாதி உடம்பு உள்ளேயும் பாதி வெளியேயுமாக மாட்டிக்கொண்டு, அந்த நிலையிலேயே கலர் பேசி முடித்துவிட்டுப் போனார். இரண்டு கையெழுத்தும் வேண்டிய தாள்களை நான் சுவருக்கு மேலே வீசுவேன். விசிறி அதை வாங்கி, தனக்குப் பிடித்த பக்கம் போடும். சாப்பாட்டுக் கேரியரில் மேல் இரண்டு அடுக்கைப் பிரித்து, சுற்றிப்போய், ஜன்னல் வழியே கொடுப்பதும் என் வேலைதான்.

பதினோராம் நாள் காலையில் நான் மரம் பார்க்க ராசிபுரத்து மில்லுக்குப் போய்விட்டேன். திரும்பும்போது மணி இரண்டரை. கேரியர் சின்னுசாமி அண்ணன் மேசையில் பிரிக்காமல் இருந்தது. அவரும் சாப்பிடவில்லை. ஏனுங்கண்ணா என்று கேட்டேன். மேலடுக்கு இரண்டும் அவனுடையது, அதைத் தொடாமல் என்னுடையதை எப்படி எடுப்பது என்றார். கூப்பிட்டுக் கொடுத்திருக்கலாமே என்று நான் கேட்கவில்லை. கூப்பிடுவதும் பேச்சுதானே.

பழனிவேல் அண்ணனைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. அவர் ஃபோனுக்கு அடித்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருந்தது. சின்னுசாமி அண்ணன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். மேஸ்திரி அப்போது அறுபத்தைந்து தாண்டியவர், ஆனால் ஒட்டடைக்கோல் மாதிரி உடம்பு. ஏணியில் ஏறி ஜன்னல் வழியே உள்ளே விழுந்தார். ஆள் நாற்காலியிலிருந்து சரிந்து கிடக்கிறார், வேர்த்துக் குளித்திருக்கிறார், கூப்பிட்டால் முனகுகிறார் என்று கத்தினார். நான் பாவாயி அக்காவுக்கு ஃபோன் செய்தேன். அக்கா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"சக்கரைக்கு மாத்திரை போட்டுட்டுச் சாப்புடாம இருந்திருப்பான். ஒரு வாய் சக்கரைய கன்னத்துல ஒதுக்கி வையுங்க. நா இப்ப வாரேன்."

டீக்கடையிலிருந்து ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலம் வந்தது. அதை ஏணிப் பக்கம் கொண்டுபோகும் பொறுமை சின்னுசாமி அண்ணனுக்கு இல்லை. என் கையிலிருந்து பிடுங்கி, மேஸ்திரியைக் கூப்பிட்டு, சுவருக்கு மேலே வீசினார். விசிறி ஐந்தில் ஓடிக்கொண்டிருந்தது. பொட்டலம் நேராக அதில் பட்டது. ஒரு கிலோ சர்க்கரையும் இரண்டு பக்கமும் சரிபாதியாகப் பெய்தது. என் தலையில், கணக்குத் தாள்களில், சின்னுசாமி அண்ணனின் மஃப்ளரில், எல்லாவற்றிலும். அந்தப் பக்கம் மேஸ்திரி விசிறியை நிறுத்திவிட்டு, பழனிவேல் அண்ணனின் சட்டையிலிருந்தே சர்க்கரையை வழித்து வாயில் வைத்தார்.

ஆனாலும் ஆளை வெளியே கொண்டுவர வேண்டும். தானாக நெளிய முடியாதவரை அந்த ஜன்னலில் தூக்கிச் செருக முடியாது. கடப்பாரை போட்டார்கள், வேங்கையில் எகிறி வந்தது. மின்ரம்பம் வைத்தார்கள், ஆணியில் பட்டுப் பல் போனது. ஆறு டன் சுவர் சின்னுசாமி அண்ணன் கேட்டபடியே நின்றது. அவர் கையால் அதை அடித்துக்கொண்டிருந்தார். "மாப்ள, மாப்ள" என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை.

எந்தக் கட்டை எங்கே இருக்கிறது என்று எனக்குத்தான் தெரியும். அந்த முனையில் மூன்று அங்குலம் குறைவு, ஆப்பைத் தட்டிவிட்டால் சுவருக்குப் பிடிமானம் இல்லை என்றேன். எல்லோர் முன்னாலும் என் தப்பைச் சொன்னது அதுதான் முதல் தடவை. மேலே இரும்புச் சட்டத்தில் லாரிக் கயிறுகளைப் போட்டுச் சுவர் சாயாமல் பிடித்தார்கள். மேஸ்திரி பழனிவேல் அண்ணனை மூலைக்கு இழுத்துக்கொண்டார். ஆப்பு கழன்றது. பதினைந்து பேர் முனையைப் பிடித்து எங்கள் பக்கம் இழுத்தார்கள். இருபத்து நாலடிச் சுவர், மறுமுனையைக் கீலாக வைத்துக்கொண்டு, முனகிக்கொண்டே திறந்தது. கதவு இல்லாத சுவர், முழுதும் கதவானது.

சின்னுசாமி அண்ணன்தான் முதலில் உள்ளே போனார். அதற்குள் சர்க்கரை வேலை செய்துவிட்டது. பழனிவேல் அண்ணன் மூலையில் கட்டடச் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண்ணைத் திறந்து, திறந்து நிற்கும் மரச்சுவரையும் கயிறுகளையும் பதினைந்து பேரையும் பார்த்தார்.

"செவுத்த ஆரு ஒடைச்சது?" என்றார். "அதுல பாதி என்னுது."

டாக்டர் வந்து பார்த்துவிட்டு, நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லிப் போனார். பாவாயி அக்கா வந்தார். யாரையும் திட்டவில்லை. திறந்து கிடந்த சுவரின் சந்தில் தரையிலேயே உட்கார்ந்து கேரியரைப் பிரித்தார். நாலு அடுக்கையும் கலந்து இரண்டு தட்டில் போட்டு, இருவரும் முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலையில் சின்னுசாமி அண்ணன் என்னிடம் வந்து, அந்தச் சுவருக்கு ஒரு கதவுக் கணக்குப் போடச் சொன்னார். நிலைக்கு இத்தனை, சட்டத்துக்கு இத்தனை என்று எழுதிக்கொண்டே வந்து, தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்று கேட்டேன். அவர் யோசித்தார். பிறகு சுவரின் முனையைச் சுற்றிக்கொண்டு நடந்துபோய், மாப்பிள்ளையின் மேசைக்கு முன்னால் நின்றார்.

"தாப்பாள் உம்பக்கமா, எம்பக்கமா?"

"எம்பக்கம்."

"அப்ப நான் உள்ள வரோணும்னா?"

"தட்டுங்க மச்சான்."

"எம்பட ஆபீஸ்ல நான் தட்டோணுமா?"

அன்று மத்தியானம்வரை பேசினார்கள். அடுத்த நாளும் பேசினார்கள். இரண்டு பக்கமும் ஒவ்வொரு தாழ்ப்பாள் வைத்துவிடலாம் என்று சொன்ன மேஸ்திரியை இருவரும் சேர்ந்து திட்டினார்கள். ஆடி மாதம் அவசரமாக ஒரு வண்டிக்கு வேங்கை தேவைப்பட்டபோது சுவரைப் பிரித்து அந்தத் தொட்டிக்குப் போட்டுவிட்டார்கள். சுவர் போன பிறகும் தாழ்ப்பாள் பேச்சு நிற்கவில்லை. டீ வந்தால் ஆரம்பிக்கும், கேரியர் வந்தால் நிற்கும்.

நான் ஓய்வு பெற்ற அன்று மாலையெல்லாம் போட்டு, ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது சின்னுசாமி அண்ணன் கூப்பிட்டு, அந்தக் கதவுக் கணக்கை முடித்துவிட்டுப் போங்க அம்மிணி என்றார். தாழ்ப்பாள் எந்தப் பக்கமுங்க என்று கேட்டேன்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு ராசிபுரம் பஸ்ஸைப் பிடிக்க நடந்தேன்.